நாற்பதைக் கடந்த பெண்களும் கருத்தடையும்: பேசப்படாத உரிமை

"அக்கா, மூணு மாசமா முழுகல. நின்னு போச்சுன்னு இருந்துட்டேன்."

பிம்ப்ரி-சிஞ்ச்வடில் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட மருத்துவ முகாம் ஒன்றில் என் காதில் விழுந்த சொற்கள் இவை. மருத்துவர் மராத்தியில் பேசினார். அவர் சொன்னதைத் தமிழிலும், தமிழ்ப் பெண்கள் கேட்டதை மராத்தியிலும் பெயர்த்துச் சொல்லும் பணி எனக்கு. கேட்ட பெண்ணுக்கு வயது நாற்பத்தைந்து. இருபது ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் பக்கத்திலிருந்து புனேவுக்குப் பிழைக்க வந்தவர். மூத்த மகளுக்குத் திருமணம் முடிந்து பேரப்பிள்ளையும் ஆயிற்று. நாளொன்றுக்கு ஐந்து வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். இரண்டாவது பிள்ளை பிறந்தபோதே கருத்தடை அறுவை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். படுத்தால் வேலை போய்விடும் என்று தள்ளிப்போட்டவர், பிறகு அதைப் பற்றி நினைக்கவே நேரமின்றி இருந்துவிட்டார்.

அவர் சொன்னதை மராத்தியில் பெயர்க்கத் தொடங்கி, ஒரு கணம் தயங்கினேன். நம் பேச்சுவழக்கில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்றால் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். ஆனால் அவரோ மாதவிடாய் அடியோடு நின்றுவிட்டது என்னும் பொருளில் சொன்னார். நாற்பத்தைந்து வயதில் இவ்விரண்டு பொருளும் ஒரே நேரத்தில் பொருந்தக்கூடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. மருத்துவர் அங்கேயே சிறுநீர்ச் சோதனை செய்யச் சொன்னார். முதல் பொருளே உண்மை என்று தெரிந்தது. அந்தப் பெண் அழவில்லை. "மருமகன் மூஞ்சில எப்படிக்கா முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அதற்கு விடை தேடியாக வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

உடல் அறிவிப்பதும் மறைப்பதும்

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள் அது நிறைவுறுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியப் பெண்களுக்குச் சற்று முன்னதாகவே, சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் நிற்கிறது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பைகளின் இயக்கம் தடுமாறத் தொடங்குகிறது. ஒரு மாதம் முந்தி வரும். அடுத்து இரண்டு மாதம் வராது. பிறகு பத்து நாள் கொட்டித் தீர்க்கும். உடல் கொதிப்பு, இரவு வியர்வை, உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல் ஆகியவையும் கூடவே வரும். மாதவிடாய் நிறைவை நெருங்கும் இந்தப் பருவத்தில் கருவுறும் வாய்ப்பு குறைகிறதே தவிர, அற்றுப்போவதில்லை. ஏதேனும் ஒரு மாதம் சினைமுட்டை வெளிப்படலாம். அது எந்த மாதம், எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, நாள் கணக்குப் பார்த்து 'பாதுகாப்பான நாட்கள்' என்று விலகியிருக்கும் முறை இந்த வயதில் முற்றிலும் நம்பத் தகாததாகிவிடுகிறது.

மருத்துவ வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது. ஐம்பது வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால், கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு ஆண்டுகளும், ஐம்பதுக்குப் பின் நின்றால் ஓராண்டும் கருத்தடை தொடர வேண்டும். ஹார்மோன் கலந்த கருத்தடையைப் பயன்படுத்துவோர் மாதப்போக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டினால் அநேகமாக எவருக்கும் கருத்தடை தேவைப்படாது. உடல் கொதிப்புக்காகத் தரப்படும் ஹார்மோன் மாத்திரை கருத்தடை ஆகாது என்பதையும் பலர் அறிவதில்லை.

நாற்பதைக் கடந்த கருப்பத்தில் இடர் மிகுதி. கருச்சிதைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, குழந்தையின் குரோமோசோம் வேறுபாடு ஆகிய எல்லாவற்றின் வாய்ப்பும் வயதோடு கூடுகிறது. இரத்தசோகையோடு உழைக்கும் பெண்ணுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வழிகள் பல உண்டு. நாற்பது வயதுக்கு மேல் பொருத்தப்படும் காப்பர்-டி மாதவிடாய் நிறைவு வரையிலும் இருக்கலாம். ஆனால் அது உதிரப்போக்கைச் சற்றுக் கூட்டும். ஏற்கெனவே மிகுதியாகப் போகிறவர்களுக்கு ஏற்றதன்று. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பைச் சாதனம் கருத்தடையாகவும் அமைந்து, உதிரப்போக்கையும் வெகுவாகக் குறைக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன் மாத்திரை, முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும் அதன்பின் வாரம் ஒருமுறையும் உட்கொள்ளப்படுவது. மிகையான உதிரப்போக்குக்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். 'சாயா' என்ற பெயரில் அரசு மையங்களில் அது இலவசம். ஆணுறை எந்த வயதிலும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான கருத்தடை மாத்திரையை மட்டும் இரத்த அழுத்தம், ஒருவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும், முப்பத்தைந்தைத் தாண்டிய புகைபிடிப்போரும் தவிர்க்க வேண்டும். இவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பரிசோதித்துச் சொல்ல ஒரு மருத்துவர் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். அந்தப் பத்து நிமிடம்தான் நம் பெண்களுக்குக் கிடைப்பதில்லை.

திட்டத்தில் இல்லாத வயது

தமிழ் படித்தவர்களுக்குப் பெண்ணின் ஏழு பருவங்கள் நினைவிருக்கும்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் பேரிளம்பெண்ணுக்கு விதித்த வயதெல்லை நாற்பது. உலா வரும் தலைவனைக் கண்டு காமுறும் தகுதி அதோடு முடிந்தது. நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்குப் பெயர் இல்லை. முதுகலை வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். அப்போது எனக்கு உறுத்தவில்லை. என் வயது நாற்பத்தாறு ஆனபோதுதான் உறுத்தியது.

நிலப்பிரபுத்துவ இலக்கியத்தை விட்டுவிடுவோம். நவீன அரசின் திட்டங்களிலாவது இந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டா? பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கு 2014ல் தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் வந்தது. அறுபதைக் கடந்தவர்களுக்கு 2010 முதல் தேசிய முதியோர் நலத்திட்டம் உண்டு. இடையில் உள்ளவள் 'இனப்பெருக்க வயதினள்'. தேசியக் குடும்ப நல ஆய்வு 15 முதல் 49 வயது வரையிலான பெண்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. தாய்-சேய் நலத்தை மையமாகக் கொண்ட திட்டத்தின் பார்வையில் அவள் கருவுற்றால் தாய். பெற்றுவிட்டால் கருத்தடை அறுவைக்கான இலக்கு. அறுவை முடிந்தால் கோப்பு மூடப்பட்டது. நாற்பத்தைந்து வயதில் உதிரப்போக்கோடும் உறக்கமின்மையோடும், 'நின்றுவிட்டதா, தங்கிவிட்டதா' என்ற ஐயத்தோடும் அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலுக்கு வரும்போது, அவளுக்கென்று ஒரு பதிவேடு அங்கே திறந்திருப்பதில்லை.

இது தற்செயலான மறதி என்று நான் கருதவில்லை. 1952ல் தொடங்கிய நம் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம், பெண்ணின் நலனைக் காட்டிலும் மக்கள்தொகை எண்ணிக்கையையே தன் அளவுகோலாகக் கொண்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. கட்டாய அறுவைக்கான சட்ட முன்வரைவை 1976ல் நிறைவேற்றியது மகாராஷ்டிர சட்டமன்றமே. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது நடைமுறைக்கு வரவில்லை. மக்களின் சினம் 1977 தேர்தலில் வெடித்த பிறகு, ஆண்களைத் தொட ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். சுமை முழுவதும் பெண்ணின் உடல்மீது இறக்கப்பட்டது. விளைவைப் பாருங்கள்: 2019-21ல் நடந்த ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையைச் சார்ந்திருப்போர் வெறும் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் பாதியைத் தாண்டுகிறது. ஆண்களுக்கான தழும்பில்லா அறுவை மிக எளிது. அன்றே வீடு திரும்பலாம். ஆனாலும் 'உழைக்கிற உடம்பு' என்ற சலுகை ஆணுக்கு மட்டும் உண்டு. பாத்திரம் துலக்குகிற, கரும்பு வெட்டுகிற உடம்புக்கு அது இல்லை.

இளம் வயதிலேயே அறுவை செய்துகொண்டவர்களுக்கு நாற்பதில் கருத்தடைக் கவலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன்பின் இருபது ஆண்டுகள் எந்தச் சுகாதாரப் பணியாளரும் அவர்களது கதவைத் தட்டுவதில்லை. அறுவை செய்துகொள்ளாதவர்களோ, ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர்களாக, மொழி தெரியாதவர்களாக, எந்த ஆஷா ஊழியரின் பட்டியலிலும் இல்லாதவர்களாக இருக்கிறார்கள். பிம்ப்ரியில் நான் கண்ட பெண் அவர்களுள் ஒருவர்.

இதற்கு மேல் தண்டனையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2001 செப்டம்பருக்குப் பிறகு பிறந்த குழந்தையால் பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டைத் தாண்டினால், ஊராட்சி உறுப்பினர் பதவிக்கே தகுதியிழப்பு. இருபது வயதில் மணமாகி இரண்டு பிள்ளை பெற்று, நாற்பத்து நான்கில் பெண்களுக்கான ஒதுக்கீட்டில் ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலித் பெண்ணை எண்ணிப்பாருங்கள். 'இந்த வயதில் தங்காது' என்று நம்பிக் கருவுற்றால் அவர் பதவியை இழக்கிறார். கருத்தடையைப் பற்றிச் சொல்லித் தராத அரசு, கருவுற்றதற்காக மட்டும் தண்டிக்கிறது.

கருப்பையே குற்றவாளியாக்கப்பட்ட இடம்

புனே சிவாஜிநகரில் 'சாகர் சங்குல்' என்ற கட்டடம் இருக்கிறது. மாநிலத்தின் சர்க்கரை ஆணையர் அலுவலகம் அங்கேதான். எத்தனை டன் கரும்பு அரைக்கப்பட்டது, எத்தனை குவிண்டால் சர்க்கரை கிடைத்தது என்ற கணக்கெல்லாம் அங்கே வந்து சேரும். அந்தக் கரும்பை வெட்டிய பெண்களின் உடல்களுக்கு நேர்ந்ததன் கணக்கை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

மராத்வாடாவின் வறண்ட பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிரத்தின் கரும்புக் காடுகளுக்குப் பெயர்கிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா', அதாவது ஓர் அரிவாள் என்று கணக்கு. 'முகாதம்' எனப்படும் ஒப்பந்தக்காரர் முன்பணம் தருகிறார். அதை உழைத்துக் கழிக்க வேண்டும். ஒருநாள் வராவிட்டால் கூலி போவதோடு தண்டமும் கட்ட வேண்டும். கழிப்பறை இல்லை; குளிக்க மறைவிடம் இல்லை; விடியலுக்கு முன் தொடங்கும் வேலை. இங்கே மாதவிடாய் என்பது தண்டம் கட்டும் நாள் ஆகிவிடுகிறது.

இந்தப் பெண்கள் வெள்ளைப்படுதல், வயிற்றுவலி, மிகுந்த உதிரப்போக்கு என்று தனியார் மருத்துவமனைகளுக்குப் போனபோது, மருந்தால் தீரக்கூடிய நோய்களுக்குக் கருப்பை நீக்கம் தீர்வாக விற்கப்பட்டது. 'எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்' என்ற அச்சுறுத்தல் அதற்கு விளம்பரமாயிற்று. பீட் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் 4,605 கருப்பை நீக்க அறுவைகள் நடந்ததாக 2019 ஜூனில் அன்றைய சுகாதார அமைச்சர் சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நீலம் கோர்ஹே தலைமையில் அமைக்கப்பட்ட குழுவுக்காக நடந்த கணக்கெடுப்பில், பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேருள் 13,861 பேர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. ஆறு பேரில் ஒருவர்! தேசிய அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே இது நூறு பேருக்கு மூவர் என்ற அளவில்தான் இருக்கிறது. அந்த மூவரிலும் பெரும்பாலோருக்கு அறுவை நடந்தது தனியார் மருத்துவமனைகளில்.

பெண்கள் தாமாகவே கேட்டுச் செய்துகொண்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. கேட்டிருக்கலாம். கழிப்பறையும், ஊதியத்தோடு கூடிய ஓய்வும், 'சாயா' மாத்திரையும், உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் எதிரே வைக்கப்பட்டு, அவற்றை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டா கத்தியைக் கேட்டார்கள்? கூலியும் கடனும் ஒருவரை எந்த மூலைக்குத் தள்ளுகின்றனவோ, அந்த மூலையில் நின்று அவர் எடுக்கும் முடிவுக்குச் 'சுயவிருப்பம்' என்று பெயரிடுவது முதலாளித்துவத்தின் பழைய வழக்கம்.

இளம் வயதில் கருப்பையோடு சினைப்பைகளும் அகற்றப்பட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வரவேண்டிய மாதவிடாய் நிறைவு மறுநாளே வந்துவிடுகிறது. எலும்பு தேய்கிறது; இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. தண்டம் கட்டாமல் உழைப்பதற்காக அறுத்தெறிந்தவள், முதுகுவலியால் அரிவாளைப் பிடிக்கவே முடியாதவளாகிறாள்.

தேவையற்ற கருப்பை நீக்கங்களுக்கு எதிரான பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய அறுவைகளைக் கண்காணிக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022ல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மாவட்ட அளவிலான கண்காணிப்புக் குழுக்கள் அந்நெறிகளில் உண்டு. உங்கள் மாவட்டத்தில் அப்படியொரு குழு எப்போது கூடியது என்று கேட்டுப்பாருங்கள், தோழர்களே.

ஏட்டுச் செய்தியாக மட்டும் இதை நான் எழுதவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயதானபோது உதிரப்போக்கு நிற்காமல் இருபது நாள் நீடித்தது. நான் பார்த்த தனியார் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் முடிவு சொன்னார்: "பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே, இனி எதற்கு அது? எடுத்துவிடலாம்." படித்தவள், கேள்வி கேட்கத் தெரிந்தவள் என்பதால் வேறொரு மருத்துவரைத் தேடிப் போனேன். இந்த வயதில் ஒழுங்கற்ற போக்கு இருந்தால் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அவர் கருப்பைத் திசுவைச் சோதித்தார். பிறகு மாத்திரையில் குணமாயிற்று. என் கருப்பை இன்னும் என்னிடம் இருக்கிறது. கரும்புக் காட்டில் நிற்கிறவளுக்கு இரண்டாவது மருத்துவர் யார்?

நம் மரபு பேசியிருக்கிறது

இது கூச்சப்பட வேண்டிய பொருள் என்போருக்கு, இதே புனேவின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1863ல் ஜோதிராவ் பூலேவும் சாவித்ரிபாய் பூலேவும் இந்நகரில், கருவுற்ற விதவைகள் அச்சமின்றிப் பிள்ளை பெறுவதற்கென ஓர் இல்லம் திறந்தார்கள். அத்தகைய ஒரு விதவை ஈன்ற பிள்ளையைத் தம் மகனாகத் தத்தெடுத்து மருத்துவராக்கினார்கள். விரும்பாத கருப்பத்தை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல், துணை தேவைப்படும் ஒரு பெண்ணின் துயராகப் பார்த்த முதல் பாடம் அது.

விதவைகளின் கல்விக்காகப் புனேவை அடுத்த ஹிங்கணேயில் ஆசிரமம் நிறுவிய தோண்டோ கேசவ் கார்வேயின் மகன் ரகுநாத் கார்வே. கணிதப் பேராசிரியரான அவர் 1921ல் மும்பையில் கருத்தடை மருத்துவ மையம் திறந்தார். அதன் விலையாகக் கல்லூரி வேலையை இழந்தார். 1927 முதல் 1953ல் இறக்கும் வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழை நடத்தினார். வாசகர்களின் பாலியல் ஐயங்களுக்கு அவ்விதழில் விடையளித்தது ஆபாசம் என்று 1934ல் வழக்குத் தொடுக்கப்பட்டபோது, அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். வழக்கு தோற்றது, கார்வேவுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அம்பேத்கர் பின்வாங்கவில்லை. 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவரது கட்சியின் சார்பில் கருத்தடை வசதிகளைக் கோரும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அதையும் அவை தோற்கடித்தது.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நாட்டின் வறுமை குறையவும் தாயின் உடல்நலம் காக்கவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, பெண் விடுதலை பெறுவதற்கே அது வேண்டும் என்றார் அவர். எண்ணிக்கையா, விடுதலையா என்ற அந்த வேறுபாடுதான் இன்றும் நம் முன் நிற்கும் கேள்வி.

பொதுவுடைமை இயக்கத்தின் நிலைப்பாடும் இதுவே. 1913ல் லெனின் எழுதிய ஒரு கட்டுரை, வறுமைக்குக் காரணம் பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற மால்தூசியவாதத்தைக் கடுமையாக மறுத்தது. அதே கட்டுரையில், கருக்கலைப்பைத் தண்டிக்கும் சட்டங்களை நீக்க வேண்டும் என்றும், கருத்தடை பற்றிய மருத்துவ நூல்களின் பரவலைத் தடுக்கும் சட்டங்களை ஒழிக்க வேண்டும் என்றும் அவர் கோரினார். மக்கள்தொகையைக் காட்டி ஏழைகளைப் பழிப்பதை எதிர்ப்பதும், கருத்தடையைப் பெண்ணின் உரிமையாகக் கோருவதும் முரண்பட்டவை அல்ல. 1920ல் சோவியத் ரஷ்யா கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. 1936ல் அது மீண்டும் தடை செய்யப்பட்டதும், 1955ல் தடை நீக்கப்பட்டதும் நாம் நேர்மையோடு கற்க வேண்டிய பாடங்கள். சோசலிச அரசேயானாலும் எண்ணிக்கையைத் தேடத் தொடங்கினால் இழப்பு பெண்ணுக்கே.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். முப்பது ஆண்டுகளாக எத்தனையோ துண்டறிக்கைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். மகப்பேறு விடுப்பு, வரதட்சணை, பாலியல் வன்முறை, சம ஊதியம் எல்லாம் வந்தன. மாதவிடாய் நிறைவை நெருங்கும் பருவத்தைப் பற்றிய ஒரு வரியும் என் கைக்கு வந்ததில்லை. நம் அமைப்புகளில் முன்னணியில் நின்று உழைக்கும் தோழியர் பெரும்பாலும் இதே வயதினர். கூட்டத்தின் நடுவே முகம் சிவந்து வியர்த்து எழுந்து போகிறவரை, 'என்ன தோழர், அவசரமா?' என்று கேட்கிறோம். அவரும் சிரித்து மழுப்பிவிடுகிறார்.

நாம் கோர வேண்டியவை

முதலாவதாக, நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கருத்தடை ஆலோசனை, உதிரப்போக்குப் பரிசோதனை, இரத்தசோகைச் சிகிச்சை ஆகியவை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான பணியாக வேண்டும். ஆஷா ஊழியர்களிடம் 'நிச்சய்' கருச்சோதனைக் கருவி இருக்கிறது. அது புதுமணப் பெண்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் மாற வேண்டும். கூடுதல் பணிக்குக் கூடுதல் ஊதியமும் ஆஷாக்களுக்கு வழங்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, ஹார்மோன் கருப்பைச் சாதனம் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வெளியே வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. நிரோத் ஆணுறையையும் சென்ட்குரோமன் மாத்திரையையும் மக்களுக்கு மலிவாகத் தந்தது திருவனந்தபுரத்தில் 1966ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான எச்எல்எல் லைஃப்கேர். அதையே தனியாருக்கு விற்க 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு விண்ணப்பம் கோரியது. ஏலத்தில் பங்கேற்கக் கேரள அரசு முன்வந்தபோது அதற்கு வழிவிடவும் மறுத்தது. கருத்தடை உரிமையும் பொதுத்துறைப் பாதுகாப்பும் தனித்தனிப் போராட்டங்கள் அல்ல.

மூன்றாவதாக, கருப்பை நீக்கத்துக்கு முன் இரண்டாவது மருத்துவரின் கருத்து கட்டாயமாக வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை அறுவை, எந்த வயதில், எக்காரணத்துக்காகச் செய்தது என்ற கணக்கை மாவட்டக் குழு வெளியிட வேண்டும். குழுவில் தொழிற்சங்கங்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும்.

நான்காவதாக, கரும்பு வெட்டுவோர், வீட்டுவேலை செய்வோர் ஆகிய அனைவருக்கும் ஊதியத்தோடு கூடிய நோய்க்கால விடுப்பு வேண்டும். வேலையிடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் வேண்டும். கோய்தாக் கணக்கை ஒழித்துப் பெண்ணின் உழைப்பைத் தனியே பதிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, இரண்டு பிள்ளை விதியால் வரும் தகுதியிழப்பு நீக்கப்பட வேண்டும்.

ஆறாவதாக, ஆண்களின் அறுவையைப் பற்றி ஆண்களிடம் பேச வேண்டும். இதை நம் இயக்கத்தின் ஆண் தோழர்கள் செய்தால்தான் பொருத்தமாக இருக்கும். பேசுவதோடு நில்லாமல் முன்மாதிரியாகவும் இருக்கலாம்.

ஏழாவதாக, புலம்பெயர்ந்த தொழிலாளர் வாழும் நகரங்களில் இத்தகவல்கள் அவரவர் மொழியில் கிடைக்க வேண்டும். புனேவில் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும்; திருப்பூரிலும் சென்னையிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும்.

பிம்ப்ரிப் பெண்ணின் கதை எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னார். கருவுக்கு அப்போது பதினோரு வாரம். ஒரு மருத்துவமனையில் கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, வயதுவந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டுமே போதுமானது. கணவரின் ஒப்புதலை அச்சட்டம் எங்கும் கேட்கவில்லை. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். சங்கத் தோழியர் சட்டத்தின் மராத்தி நகலை எடுத்துவந்து மேசைமேல் வைத்து வாசித்துக் காட்டிய பிறகே படிவம் வந்தது. அவர் தமிழில் கையெழுத்திட்டார். நான்காம் நாள் வேலைக்குத் திரும்பியபோது ஐந்து வீடுகளில் ஒரு வீடு கைவிட்டுப் போயிருந்தது.

இப்போது அவருக்குக் காப்பர்-டி பொருத்தப்பட்டிருக்கிறது. இனி மாதவிடாய் நின்றால், நின்றது என்று நம்பலாம். அடுத்த முகாமுக்கு அவர் தனியே வரவில்லை. தன் வயதுள்ள நான்கு பெண்களை அழைத்து வந்தார். வாசலில் நின்றபடி அவர்களிடம் அவர் சொன்னதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லை: "கூச்சப்படாம கேளுங்கடி. நாப்பது தாண்டினா என்ன, நமக்கும் உடம்பு இருக்கில்ல?"

அந்தக் கேள்வியைத் தெருவிலும் சட்டமன்றத்திலும் உரக்கக் கேட்க வேண்டியது நம் இயக்கத்தின் கடமை.